முப்பது மில்லிகிராம்

டாஸ்மாக் கடைகள் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் என்று விரியும் சிப்காட் ஆலைகளில் முதல் ஷிப்ட் பெரும்பாலும் காலை 6 மணியை ஒட்டித் தொடங்கும். கடை மூடியதற்கும் ஷிப்ட் தொடங்குவதற்கும் இடையே 8 மணி நேரம் இருக்கிறது. மனித உடலில் ஆல்கஹாலை அளப்பது எப்படி என்பதைச் சொல்ல வந்த இந்த அத்தியாயத்தில், அந்த 8 மணி நேரத்தைச் சுற்றித்தான் நாம் திரும்பத் திரும்ப வருவோம்.

ஆளை ஏற்றிவரும் கம்பெனி பஸ்கள் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுகின்றன. கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீளமான கேரியர் லாரிகள், எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குப் போகும் கண்டெய்னர் டிரெய்லர்கள், வேன்கள், இருசக்கர வாகனங்கள் எல்லாம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலும் சிங்கப்பெருமாள் கோவில் சாலையிலும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலும் ஒரே நேரத்தில் சேர்கின்றன. சாலையில் போலீசார் ஊதச் சொல்லலாம். பல ஆலைகளின் கேட்டிலும் ஓட்டுநர்களை ஊதச் சொல்கிறார்கள். பிடிபடுகிறவர் வழக்கமாகச் சொல்வது ஒன்றுதான்: "நேத்து ராத்திரி அடிச்சது சார், காலையில ஒரு சொட்டுகூடத் தொடல." பெரும்பாலும் அது உண்மை. கருவி காட்டும் எண்ணும் உண்மையாக இருக்கலாம். இரண்டும் எப்படிச் சேர்ந்து உண்மையாகின்றன என்பதற்கு நூறாண்டு வயதுள்ள ஒரு கணக்கு இருக்கிறது.

அந்தக் கணக்கைப் போட்டவர் எரிக் விட்மார்க், ஸ்வீடனின் லுண்ட் நகரத்து உடலியல் அறிஞர். 1922-இல் அவர் ஒரு நுண்முறையை வெளியிட்டார். விரல் நுனியிலிருந்தோ காது மடலிலிருந்தோ எடுக்கும் சில துளி இரத்தம் அதற்குப் போதும். சிறிய குடுவையின் அடியில் கந்தக அமிலத்தில் கரைத்த பொட்டாசியம் டைகுரோமேட் இருக்கும். மூடியிலிருந்து தொங்கும் குட்டிக் கிண்ணத்தில் இரத்தத்தை வைத்து மூடிச் சூடாக வைத்துவிடுவார்கள். இரத்தத்திலுள்ள ஆல்கஹால் ஆவியாகிக் கீழே போய் டைகுரோமேட்டுடன் வினைபுரியும். எவ்வளவு டைகுரோமேட் மிச்சமிருக்கிறது என்று பார்த்தால் எவ்வளவு ஆல்கஹால் இருந்தது என்பது தெரிந்துவிடும். இவ்வளவு குறைவான இரத்தம் போதும் என்றானதால், ஒரே மனிதரிடம் மணிக்கு மணி மாதிரி எடுக்க முடிந்தது. குடித்தபின் இரத்தத்தில் ஆல்கஹால் எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்பதை வரைகோடாகப் பார்க்க முடிந்தது. 1932-இல் அவர் எழுதிய நூலில் இன்றும் நீதிமன்றங்களில் பயன்படும் இரண்டு எண்கள் நிலைபெற்றன.

முதல் எண், உடலில் ஆல்கஹால் எவ்வளவு இடத்தில் பரவுகிறது என்பது. ஆல்கஹால் நீரில் கரையும். கொழுப்பில் ஏறக்குறைய கரையாது. ஆகவே உடல் எடை முழுவதிலும் அது பரவுவதில்லை. நீர் இருக்கும் இடங்களில் மட்டும் பரவுகிறது. ஆணுக்குச் சராசரியாக எடையின் 0.68 பங்கு, பெண்ணுக்கு 0.55 பங்கு என்று விட்மார்க் கண்டார். பெண்ணுடலில் நீரின் பங்கு குறைவு என்பதால், ஒரே எடையுள்ள இருவர் ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் இரத்தத்தில் எண் கூடுதலாக இருக்கும்.

இப்போது ஒரு குவார்ட்டரை எடுத்துக்கொள்வோம். 180 மில்லி. பிராந்தி, விஸ்கி, ரம் எதுவானாலும் லேபிளில் 42.8 சதவீதம் என்று இருக்கும்; அது கன அளவில். ஆல்கஹாலின் அடர்த்தி 0.789. பெருக்கினால் அந்தப் பாட்டிலுக்குள் இருப்பது ஏறத்தாழ 61 கிராம் தூய ஆல்கஹால். 60 கிலோ எடையுள்ள ஓர் ஆண் இதைக் குடித்தால், அது பரவும் இடம் 60-இல் 0.68 பங்கு, அதாவது 41 கிலோ. வகுத்துப் பார்த்தால் 100 மில்லி இரத்தத்துக்குச் சுமார் 150 மில்லிகிராம் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185 ஓட்டுநருக்கு வைத்திருக்கும் வரம்பு 30. ஒரு குவார்ட்டர் அந்த வரம்பைப்போல ஐந்து மடங்கு.

"வெறும் பீர்தான்" என்பதையும் இதே கணக்கில் போட்டுப் பார்க்கலாம். 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 7 சதவீதம் ஆல்கஹால் என்றால் அதில் 36 கிராம். அதே 60 கிலோ ஆணுக்கு அது 85-ஐத் தாண்டுகிறது. ஒரே ஒரு பாட்டிலில் வரம்பின் இரண்டரை மடங்குக்கு மேல் போய்விடுகிறது. பீரை மதுவாகவே எண்ணாத நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்காகத்தான் இந்தப் பெருக்கலைத் தனியாகப் போட்டுக் காட்டினேன்.

விட்மார்க்கின் இரண்டாவது எண்தான் நம் 8 மணி நேரத்துக்குரியது. உடலுக்குள் போன ஆல்கஹாலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கல்லீரல்தான் எரிக்க வேண்டும். மூச்சு, சிறுநீர், வியர்வை வழியாக வெளியேறுவது சொற்பம். கல்லீரலில் ஒரு நொதி ஆல்கஹாலை அசிட்டால்டிஹைடாக்குகிறது; இன்னொன்று அதை அசிட்டிக் அமிலமாக்குகிறது. மருந்துகள் பலவற்றுக்கு ஒரு பழக்கம் உண்டு: இரத்தத்தில் அதிகமாக இருந்தால் வேகமாக வெளியேறும், குறைந்தால் மெதுவாக வெளியேறும். ஆல்கஹால் அப்படியல்ல. மிகக் குறைந்த அளவிலேயே அந்த நொதிக்குக் கை நிறைய வேலை வந்துவிடுகிறது. அதற்குமேல் எவ்வளவு குவிந்தாலும் அதன் வேகம் மாறாது. ஸ்ரீபெரும்புதூர் சுங்கச்சாவடியில் ஒரு கவுண்டர் மட்டும் திறந்திருந்தால், பின்னால் பத்து லாரி நின்றாலும் நூறு லாரி நின்றாலும் மணிக்கு அதே எண்ணிக்கைதான் கடக்கும் அல்லவா, அப்படி. அந்த வேகம் சராசரியாக, 100 மில்லி இரத்தத்துக்கு மணிக்கு 15 மில்லிகிராம். ஆளுக்கு ஆள் 10 முதல் 25 வரை மாறும்.

இரவு 9 மணிக்குக் குடிக்கத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலை 6 மணிக்குள் 9 மணி நேரம். 15 வீதம் 135 மில்லிகிராம் கழியும். ஒரு குவார்ட்டரோடு நிறுத்தியவரிடம் 150-இல் 135 போக 15 மிச்சம், வரம்புக்குக் கீழே. அவருடைய கல்லீரல் மெதுவானது, மணிக்கு 10 தான் கழிக்கும் என்றால் மிச்சம் 60. வரம்பின் இரண்டு மடங்கு. ஒன்றரை குவார்ட்டர் குடித்தவரிடம் சராசரி வேகத்திலேயே 90 இருக்கும். இரண்டு குவார்ட்டர் குடித்தவர் காலை 6 மணிக்கு 165-இல் இருப்பார். அதாவது நன்றாகத் தூங்கி எழுந்து, குளித்து, இட்லி சாப்பிட்டு, யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற நேரத்தில், அப்போதுதான் ஒரு முழு குவார்ட்டரைக் குடித்தவரின் இரத்தம் அவருக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் 30-க்கு இறங்கப் பிற்பகல் 3 மணி ஆகும்.

இரவு ஷிப்டுக்கும் இதே கணக்கைத் திருப்பிப் போடலாம். காலையில் வேலை முடிந்து படுத்து எழுந்து, பகல் 12-க்குக் கடை திறந்ததும் குடிக்கிறவருக்கு இரவு 10 மணி ஷிப்ட் வரை 10 மணி நேரம். சராசரி வேகத்தில் கழிவது 150. ஏறத்தாழ ஒரே ஒரு குவார்ட்டர்.

இந்தக் கணக்கைச் சொன்னால் பெரும்பாலோர் நம்ப மறுப்பார்கள். "தெளிஞ்சிடுச்சு" என்ற உணர்வு அவ்வளவு உறுதியாக இருக்கும். அந்த உணர்வுக்குக் காரணமும் உண்டு. ஆல்கஹால் அளவு ஏறும்போது இருந்ததைவிட, அதே அளவு இறங்கும்போது மூளை தன்னைத் தெளிவாக உணர்கிறது. தன் நிலையைத் தானே மதிப்பிடும் திறனைத்தான் ஆல்கஹால் முதலில் பறிக்கிறது என்பதால், "நான் சரியாத்தான் இருக்கேன்" என்று ஒருவர் சொல்வது அளவீடாகாது. எலுமிச்சைச் சாறு, மோர், கட்டங்காப்பி, தலைக்குக் குளியல், வாந்தி என்று ஆளுக்கொரு கைவைத்தியம் வைத்திருக்கிறார்கள். காப்பி தூக்கத்தை விரட்டும். இரத்தத்திலுள்ள எண்ணைத் தொடாது. குளியல் சிலிர்ப்பைத் தரும், அவ்வளவுதான். குடித்த சில நிமிடங்களில் வாந்தி வந்தால் வயிற்றில் மிச்சமிருப்பது வெளியேறும். இரத்தத்தில் கலந்துவிட்டது அப்படியே இருக்கும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஆல்கஹால் மெதுவாக ஏறும், உச்சம் குறையும். இது ஒன்று மட்டும் உண்மையான உதவி. அதுவும் குடிப்பதற்கு முன்பு செய்ய வேண்டியது.

சரி, இரத்தத்தை எடுக்காமல் மூச்சை மட்டும் வைத்து இந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? வில்லியம் ஹென்றி என்ற ஆங்கில வேதியியலாளர் 1803-இல் சொன்ன விதி இதற்கு அடிப்படை. மூடிய இடத்தில் ஒரு திரவமும் அதன்மேல் காற்றும் இருந்தால், திரவத்தில் கரைந்திருக்கும் ஆவியாகும் பொருளுக்கும் காற்றிலுள்ள அதன் அளவுக்கும் ஒரு நிலையான விகிதம் இருக்கும். வெப்பநிலை மாறாமல் இருக்க வேண்டும். நுரையீரலின் கடைக்கோடி நுண்ணறைகளில் இரத்தமும் காற்றும் ஒரு மெல்லிய சவ்வுக்கு இருபுறமும் இருக்கின்றன. அங்கே இரத்தத்து ஆல்கஹால் காற்றுக்குத் தாவுகிறது. 2,100 மில்லி மூச்சில் இருக்கும் ஆல்கஹால், 1 மில்லி இரத்தத்தில் இருக்கும் ஆல்கஹாலுக்குச் சமம் என்று ஒரு விகிதத்தை அறிவியலாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

சட்ட வரம்பான 30-ஐ இந்த விகிதத்தில் வைத்தால், 1 லிட்டர் மூச்சில் 0.14 மில்லிகிராம் வருகிறது. ஜப்பானியச் சட்டம் மூச்சிலேயே 0.15 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. தென்கொரியா 2019 ஜூனில் தன் வரம்பை 50-இலிருந்து 30-ஆகக் குறைத்தது. ஆக, ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் பணியாற்ற வரும் ஜப்பானிய, கொரியப் பொறியாளர்களுக்கு நம் வரம்பு புதிதல்ல. இங்கிலாந்தில் 1967-இல் வைத்த 80 இன்றும் இருக்கிறது. ஸ்வீடனில் 1990 முதல் 20. எத்தனை மில்லிகிராமில் கோடு போடுவது என்பதை அறிவியல் மட்டும் தீர்மானிப்பதில்லை. எவ்வளவு ஆபத்தை ஒரு சமூகம் சகித்துக்கொள்ளும் என்பதும் அதில் இருக்கிறது. என் கருத்தில், கனரக வாகனமும் சைக்கிளும் நடந்துபோகிற தொழிலாளியும் ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்ளும் இந்தப் பகுதிக்கு 30 அதிகக் கண்டிப்பான எண் அல்ல. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கிறது. பிரேக்கில் கால் வைக்க அரை வினாடி தாமதமானால் 8 மீட்டர் கூடுதலாகப் போய்விடும்.

மூச்சை அளக்கும் கருவியின் கதை அமெரிக்காவின் இண்டியானாவில் தொடங்குகிறது. ரோலா ஹார்கர் 1930-களில் பலூனில் ஊதச் செய்து அளக்கும் 'டிரங்கோமீட்டர்' கருவியை உருவாக்கினார். இண்டியானா மாநிலப் போலீசில் இருந்த ராபர்ட் போர்கென்ஸ்டைன் 1954-இல் 'பிரெத்தலைசர்' கருவியைக் கொண்டுவந்தார். விட்மார்க்கின் அதே டைகுரோமேட்தான் அதற்குள் இருந்தது. ஆல்கஹால் பட்டதும் டைகுரோமேட்டின் ஆரஞ்சு நிறம் மங்கிப் பச்சையாகும். எவ்வளவு மங்கியது என்பதை ஒளிமின்கலம் அளக்கும். ஆய்வகத்தில் நிபுணர் செய்ததை இப்போது சாலையோரம் ஒரு காவலர் செய்ய முடிந்தது. இதே போர்கென்ஸ்டைன் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களையும் சிக்காத ஓட்டுநர்களையும் ஒப்பிட்டு 1964-இல் அறிக்கை கொடுத்தார். இரத்தத்தில் எண் ஏற ஏற விபத்து வாய்ப்பு எப்படிச் செங்குத்தாக ஏறுகிறது என்பதை அது காட்டியது. பல நாடுகள் வரம்பு வைத்தபோது அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் வைத்தன.

இன்று போலீசார் கையில் இருக்கும் நல்ல கருவிகளில் நிறம் மாறும் அமிலம் இல்லை. உள்ளே பிளாட்டினம் பூசிய இரு மின்முனைகள் கொண்ட எரிபொருள் மின்கலம் இருக்கிறது. ஊதும் காற்றிலிருந்து ஒரு மில்லிலிட்டர் அளவுக்குக் கருவி உறிஞ்சிக்கொள்ளும். அதிலுள்ள ஒவ்வோர் ஆல்கஹால் மூலக்கூறும் பிளாட்டினத்தின்மேல் அசிட்டிக் அமிலமாக மாறும்போது நான்கு எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது. அந்த மின்னோட்டத்தைக் கூட்டினால் ஆல்கஹாலின் அளவு. சட்ட வரம்பில் நிற்கும் ஒருவரின் ஒரு மில்லிலிட்டர் மூச்சில் இருப்பது, ஒரு கிராமை எழுபது லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. இவ்வளவு நுண்ணிய அளவை உள்ளங்கையில் அடங்கும் கருவி அளந்துவிடுகிறது என்பது எனக்கு இன்னமும் வியப்புதான். விலை மலிந்த கருவிகளில் டின் ஆக்சைடு குறைக்கடத்தி உணரி இருக்கும். அதற்கு ஆல்கஹால் மட்டும் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அசிட்டோன், பெயிண்ட் தின்னர் ஆவி, சிகரெட் புகை என்று பலவற்றுக்கும் எதிர்வினை காட்டும். பெயிண்ட் ஷாப்பிலிருந்து வெளியே வரும் தொழிலாளியிடம் அப்படிப்பட்ட கருவியை நீட்டுவது நியாயமல்ல.

நல்ல கருவியும் தவறலாம். 2,100 என்பது எல்லோருக்கும் பொருந்தும் இயற்கை மாறிலி அல்ல, ஏற்றுக்கொண்ட சராசரி. காய்ச்சலில் உடல் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் மூச்சில் ஆல்கஹால் சுமார் 7 சதவீதம் கூடும். மூச்சை அரை நிமிடம் அடக்கி வைத்து ஊதினால் எண் 15 சதவீதம் அளவுக்கு ஏறும். வேகவேகமாக மூச்சிரைத்துவிட்டு ஊதினால் 10 சதவீதம் அளவுக்கு இறங்கும். அதனால்தான் நிதானமாக, நீளமாக, நுரையீரலின் அடிக்காற்று வரும்வரை ஊதச் சொல்கிறார்கள். மேல்காற்றில் ஆல்கஹால் குறைவு.

எல்லாவற்றையும்விடப் பெரிய கோளாறு வாயில் இருக்கிறது. கருவி நுரையீரல் காற்றை அளப்பதாக எண்ணிக்கொள்கிறது. வாயில் ஆல்கஹால் ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்து 2,100-ஆல் பெருக்கிவிடும். மவுத்வாஷ், இருமல் மருந்து, தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்கள் எல்லாவற்றிலும் ஆல்கஹால் உண்டு. 2025 ஜூலையில் கேரளத்தின் பந்தளம் அரசுப் பேருந்துப் பணிமனையில், குடிக்காத ஓட்டுநர்களைக் கருவி குடித்தவர்களாகக் காட்டியது. விசாரித்தால், எல்லோரும் தேன்வருக்கைப் பலாச்சுளை சாப்பிட்டிருந்தார்கள். ஊதிப் பூஜ்யம் காட்டிய ஒருவரைச் சுளை தின்னச் செய்து மறுபடி ஊதச் சொன்னபோது எண் ஏறியது. நன்கு பழுத்த பலாவின் சர்க்கரை புளித்துச் சிறிது எத்தனால், அதாவது குடிக்கும் ஆல்கஹால், உண்டாகியிருந்ததுதான் காரணம். பண்ருட்டிப் பலா வண்டி வண்டியாக வந்திறங்கும் நம் ஊர்களிலும் இது நடக்கலாம்.

இதற்கு மாற்று மிக எளிது. வாயில் ஒட்டிய ஆல்கஹால் 15 நிமிடத்தில் கரைந்து போய்விடும். நுரையீரலிலிருந்து வருவது போகாது. ஆகவே முதல் சோதனையில் எண் வந்தால், அவரை 15 நிமிடம் எதுவும் உண்ணாமல், குடிக்காமல், புகைக்காமல் உட்கார வைத்து, புதிய ஊதுகுழாய் மாட்டி மறுபடி ஊதச் சொல்ல வேண்டும். இரண்டு எண்களும் அருகருகே இருந்தால் அது இரத்தத்தின் எண். இரண்டாவது பூஜ்யமானால் அது பலாச்சுளை. ஒவ்வொரு சோதனைக்கும் முன்பு வெறுங்காற்றை உறிஞ்சச் செய்து கருவி பூஜ்யம் காட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். முந்தைய ஆளின் மிச்சமோ, சோதிப்பவர் கையில் தடவிய சானிடைசரின் ஆவியோ உள்ளே தங்கியிருக்கலாம். 2025-இல் கேரள உயர் நீதிமன்றம், இந்த வெற்றுச் சோதனை பூஜ்யம் காட்டாத நிலையில் எடுத்த அளவீட்டை வழக்குக்கு ஆதாரமாகக் கொள்ள முடியாது என்றது. விமானிகளுக்கான விதிகளில் இந்தக் கவனம் முன்பே உண்டு. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷையே அவர்கள் தொடக்கூடாது என்று 2023-இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் சேர்த்தது.

விமானிக்கு இருக்கும் இந்தக் காப்பு, ஆலைக் கேட்டில் நிற்கும் ஒப்பந்த ஓட்டுநருக்கும் வேண்டும் என்பதே என் வாதம். அவருக்கு அன்றைய கூலி, சில வேளை வேலையே, அந்த ஒரு ஊதலில் இருக்கிறது. இரண்டாவது முறை ஊத வாய்ப்புக் கேட்க அவருக்கு வாய் எழுவதில்லை. கேட்காமலே தர வேண்டும். கருவியைக் குறித்த காலத்தில் அளவுதிருத்தம் செய்த சான்றும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்; பிளாட்டினம் தேயத் தேய எண் மாறும்.

எண் இல்லாமல் ஒருவரைக் குடித்தவர் என்று தீர்மானிக்கலாமா? 1971-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த பச்சுபாய் ஹசனல்லி கார்யானி வழக்கில், மருத்துவர் அவரிடம் மது வாசனை அடித்ததையும் நடை தள்ளாடியதையும் பேச்சு குழறியதையும் கண்மணி விரிந்திருந்ததையும் எழுதியிருந்தார். இரத்தமோ சிறுநீரோ சோதிக்கப்படவில்லை. அந்த அறிகுறிகளை மட்டும் வைத்து உறுதியாக முடிவு செய்ய முடியாது என்றது நீதிமன்றம். அறிவியலும் அதையே சொல்லும்: வாசனை எவ்வளவு குடித்தார் என்று சொல்லாது, தலையில் அடிபட்டவரும் சர்க்கரை தாழ்ந்தவரும் இப்படித்தான் தள்ளாடுவார்கள். பின்னர் 2021-இல், விபத்துக் காப்பீட்டு வழக்கொன்றில், மூச்சோ இரத்தமோ சோதிக்கப்படாவிட்டாலும் மற்றச் சூழ்நிலைகளைக் கொண்டு குடிபோதையை நிறுவ முடியும் என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. அது குற்ற வழக்கல்ல, காப்பீட்டு நிறுவனம் பணம் தர வேண்டுமா என்ற வழக்கு. சிறைக்கு அனுப்பத் தேவையான உறுதி வேறு, இழப்பீட்டை மறுக்கத் தேவையான உறுதி வேறு.

மோட்டார் வாகனச் சட்டத்தில் என் கவனத்தை அதிகம் ஈர்ப்பது ஒரு நேரக்கெடு. பிரிவு 185-இல் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். இல்லையேல் விடுவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 202. 2 மணி நேரத்தில் சராசரி உடல் கழிப்பது 30 மில்லிகிராம். வரம்பும் அதேதான். சாலையில் 50-இல் இருந்தவர் 2 மணி நேரம் கழித்து 20-க்கு வந்துவிடுவார், குற்றம் ஆவியாகிவிடும். வல்லம் அருகே விபத்து நடந்து, ஸ்ரீபெரும்புதூர் அரசு மருத்துவமனையில் முதலுதவி முடிந்து, செங்கல்பட்டுக்கோ கீழ்ப்பாக்கத்துக்கோ அனுப்பப்படுகிறவரின் இரத்தம் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்பது அதனால்தான் எண்ணைப் போலவே முக்கியம். பின்னோக்கிக் கணக்கிடலாம். காலை 8 மணிக்கு 20 இருந்தால், 5 மணிக்கு 50-இலிருந்து 95-க்குள் இருந்திருக்கும். ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது, இந்த இடைவெளியாகத்தான் சொல்ல முடியும். அவர் விபத்துக்குச் சற்று முன்புதான் குடித்திருந்தால் இந்தக் கணக்கும் செல்லாது. எண் அப்போது ஏறிக்கொண்டிருந்திருக்கும்.

இரத்தம் எடுப்பதிலும் கவனிக்க நிறைய இருக்கிறது. ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது. குழாயில் சோடியம் ஃபுளோரைடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெயிலில் கிடக்கும் இரத்தத்தில் நுண்ணுயிரிகள் சர்க்கரையைப் புளிக்கவைத்துத் தாமே ஆல்கஹால் உண்டாக்கிவிடும். மருத்துவமனை ஆய்வகங்கள் பெரும்பாலும் இரத்தத்தின் சீரத்தில் அளக்கும். சீரத்தில் நீர் அதிகம் என்பதால் எண் முழு இரத்தத்தைவிட 10 முதல் 15 சதவீதம் கூடுதலாக இருக்கும். இதை அப்படியே 30-உடன் ஒப்பிட்டால் தவறு. தடய அறிவியல் ஆய்வகத்தில் வாயு நிறப்பிரிகை முறையில், மூடிய குப்பியில் இரத்தத்தைச் சூடாக்கி மேலே எழும் ஆவியை நீண்ட நுண்குழாய் வழியே செலுத்துவார்கள். ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்தில் மறுமுனையை அடையும். மதராசில் 1849-இல் ஏற்பட்ட வேதியியல் பரிசோதகர் ஆய்வகத்திலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறை.

இந்த முறையின் அருமை மெத்தனால் விஷயத்தில் தெரியும். 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோர், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். மெத்தனால் ஆலைகளில் பயன்படும் கரைப்பான். ஊதுகருவியின் பிளாட்டினத்துக்கு மெத்தனாலும் எத்தனாலும் வேறுபடாது. இரண்டுக்கும் மின்னோட்டம் வரும். நிறப்பிரிகைக் குழாயில் இரண்டும் வெவ்வேறு நேரத்தில் வெளிவரும். கல்லீரலின் அதே நொதி மெத்தனாலை ஃபார்மிக் அமிலமாகும் வழியில் தள்ளிக் கண்ணையும் உயிரையும் பறிக்கிறது. எத்தனால் இருக்கும்வரை அந்த நொதி மெத்தனாலைத் தொடாது; மருத்துவமனையில் அளந்து அளந்து எத்தனாலையே மருந்தாகக் கொடுப்பது இதனால்தான். கலப்படம் குடித்தவருக்கு முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாமல் இருப்பதும் இதனால்தான். பார்வை மங்குகிறது என்று ஒருவர் சொன்னால் ஊதவைத்து நேரம் போக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அளப்பதற்கு முன்பே தடுக்கும் முயற்சியும் நடந்தது. 2016 டிசம்பர் 15 அன்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற கே. பாலு வழக்கில், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது உச்ச நீதிமன்றம். பின்னர் சிறிய ஊர்களுக்கு 220 மீட்டர் என்றும், நகராட்சி எல்லைகளுக்குத் தளர்வு என்றும் திருத்தங்கள் வந்தன. வண்டியை நிறுத்திக் குடித்துவிட்டு உடனே ஏறுகிறவரைத் தடுக்க அது உதவும். முந்தைய இரவில் அறையில் குடித்துவிட்டு விடியலில் வண்டி எடுப்பவரை எந்த மீட்டர் கணக்கும் தொடாது. அவருக்குத் தேவை மணிக்கணக்கு. ஷிப்ட் பட்டியலை ஒட்டும் பலகையிலேயே "மணிக்கு 15" என்ற கணக்கையும் ஒட்டலாம் என்று நினைக்கிறேன். காலையில் ஊதி எண் வந்த ஓட்டுநருக்கு அன்று ஸ்டியரிங் கிடையாது, ஓய்வறை உண்டு, வேலை போகாது என்ற உறுதி இருந்தால், "எனக்கு இன்னும் தெளியல" என்று அவரே முன்வந்து சொல்வார்.

இன்னும் பின்னோக்கிப் பார்க்கும் சோதனைகளும் இப்போது வந்துவிட்டன. கல்லீரல் ஆல்கஹாலில் ஒரு சிறு பங்கை எத்தில் குளுகுரோனைடு என்ற பொருளாக மாற்றுகிறது. அது சிறுநீரில் மூன்று நாள் வரை தென்படும். இரத்தச் சிவப்பணுக்களின் சவ்வில் உருவாகும் பாஸ்படிடில் எத்தனால் இரண்டு முதல் நான்கு வாரம் வரை இருக்கும். குடிநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர் மீண்டுவருகிறாரா என்று மருத்துவர் பார்க்க இவை மிகப் பயனுள்ளவை. ஞாயிற்றுக்கிழமை குடித்தவரை இவை செவ்வாய்க்கிழமையும் காட்டிக்கொடுக்கும். ஆனால் செவ்வாய் காலை அவர் வண்டி ஓட்டத் தகுதியானவரா என்ற கேள்விக்கு இவற்றிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் அந்த நேரத்து இரத்தத்தில் மட்டுமே இருக்கிறது.